கப்பலைத் துருவிலிருந்து காக்கும் மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராகச் சேரும் தம்பி தங்கைகள் முதல் வாரத்திலேயே ஒரு வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள். எஞ்சின் ரூமில் ஓரமாக நிற்கும் ஒரு பெட்டியின் முன்னால் போய், அதில் தெரியும் நாலைந்து எண்களைப் பதிவேட்டில் எழுதி, மாதக் கடைசியில் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை. உலர்துறையில் கப்பலை ஏற்றி அடியில் நின்று பார்த்தபோதுதான், நான் எழுதி அனுப்பிய எண்கள் ஒவ்வொன்றும் அந்த இரும்புத் தகட்டைப் பற்றிய செய்தி என்று புரிந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஐ.சி.சி.பி என்றால் என்ன?

இம்ப்ரெஸ்டு கரண்ட் கதோடிக் புரொடெக்‌ஷன் என்பதன் சுருக்கம். கப்பலின் மாறுமின்சாரத்தை வாங்கி, குறைந்த வோல்ட்டேஜ் உள்ள நேர்மின்சாரமாக மாற்றி, அதன் மைனஸ் முனையைக் கப்பல் உடம்போடும் பிளஸ் முனையைத் தண்ணீருக்கு அடியில் பதித்த ஆனோடுகளோடும் இணைக்கிறோம். மின்சாரம் ஆனோடிலிருந்து கடல்நீர் வழியாகக் கப்பலின் அடிப்பாகத்தை வந்தடைகிறது. எவ்வளவு அனுப்பவேண்டும் என்று சொல்வதற்கு ரெஃபரன்ஸ் செல் என்ற சிறிய உணர்வான் ஒன்றிரண்டு, ஆனோடுகளிலிருந்து தள்ளி, அதே தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் அனுப்பும் பெட்டி, அதைக் கடலுக்குள் விடும் ஆனோடு, அளவு சொல்லும் செல் ஆகிய மூன்றும்தான் இதன் உயிர்.

பெயின்ட் அடித்திருக்கும்போது மின்சாரம் எதற்கு?

பெயின்ட்தான் முதல் காவல். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நங்கூரச் சங்கிலி உரசும், இழுவைப் படகு முட்டும், துறைமுகச் சுவரில் ஃபெண்டர் என்ற முட்டுத் தாங்கி தேய்க்கும். அங்கங்கே பெயின்ட் போய் இரும்பு வெளியே தெரியும். மொத்தப் பரப்பில் அது நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் துரு முழுவதும் அந்தச் சின்ன இடத்தில்தான் வேலை செய்யும். பாதுகாப்பில்லாத இரும்பு கடல்நீரில் வருடத்துக்குச் சராசரியாக 0.1 மில்லிமீட்டர் அளவுக்குக் கரையும் என்பார்கள். சராசரி என்ற சொல்லை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. குழி விழும் இடத்தில் அதைப் போலப் பல மடங்கு ஆழம் போகும். பெயின்ட் போன இடங்களைத் தேடிப் போய்க் காப்பதுதான் மின்சாரத்தின் வேலை. நல்ல பெயின்ட் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

மின்சாரம் துருவை எப்படி நிறுத்துகிறது?

இரும்புத் தகடு பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், கடல்நீரில் இறங்கியதும் அதில் சின்னச் சின்ன ஆனோடுகளும் கேதோடுகளும் உண்டாகிவிடுகின்றன. ஆனோடு இடத்தில் இரும்பு அணு எலக்ட்ரானைத் தகட்டிலேயே விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீருக்குள் போகிறது. அப்படி விட்ட எலக்ட்ரானைப் பக்கத்துக் கேதோடு இடத்தில் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. வாங்க ஆள் இருப்பதால்தான் கொடுப்பதும் நடக்கிறது. ஆக்சிஜனுக்கு வேண்டிய எலக்ட்ரானை நாமே வெளியிலிருந்து தாராளமாகக் கொடுத்துவிட்டால், இரும்பு தன்னுடையதைக் கொடுக்கத் தேவையில்லை. முழுத் தகடும் கேதோடாகிவிடுகிறது.

எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதை மின்னழுத்தம் காட்டும். வெள்ளி–சில்வர் குளோரைடு செல்லை வைத்து அளந்தால், தானாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு சுமார் மைனஸ் 600 முதல் 650 மில்லிவோல்ட் காட்டும். அதை மைனஸ் 800க்குக் கீழே தள்ளிவிட்டால் காப்பு கிடைத்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்றும் நடக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. கேதோடாகிவிட்ட தகட்டை ஒட்டிய தண்ணீரில் காரத்தன்மை கூடுகிறது. கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அங்கே வெள்ளையாகப் படிகின்றன. பெயின்ட் போன இடத்தின்மேல் கடலே சுண்ணாம்பு பூசிவிடுகிறது. அந்தப் படிவு சேரச்சேர, தேவைப்படும் மின்சாரமும் குறைகிறது.

துத்தநாகக் கட்டிகள் போதாதா? எங்கள் பழைய கப்பலில் அவைதானே இருந்தன?

துத்தநாகக் கட்டி, இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து எலக்ட்ரானைக் கொடுக்கும். சின்னக் கப்பலுக்கு அது போதும். பெரிய கப்பலுக்கு என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 190 மீட்டர் நீளமுள்ள ஒரு சரக்குக் கப்பலில், முழுச் சுமையோடு நீரில் நனையும் பரப்பு சுமார் 9,000 சதுர மீட்டர் இருக்கும். பெயின்ட் ஓரளவு நன்றாக இருந்து, சதுர மீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் போதுமென்று வைத்தால் மொத்தம் 90 ஆம்பியர். ஒரு ஆம்பியரை ஒரு வருடம் கொடுக்க 11 கிலோவுக்கு மேல் துத்தநாகம் கரைந்தாகவேண்டும். அப்படியென்றால் 5 வருடத்துக்கு 5 டன். அலுமினியக் கட்டி என்றால் சுமார் ஒன்றரை டன். அத்தனை கட்டிகளையும் தகட்டில் வெல்டிங் செய்து ஒட்டினால் தண்ணீர் இழுவை கூடும், எண்ணெய்ச் செலவும் கூடும்.

ஐ.சி.சி.பியில் அதே 90 ஆம்பியரை 10 வோல்ட்டில் கொடுத்தால் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. ஒரு தேநீர்க் கெட்டில் இழுக்கும் மின்சாரம்கூட அதைவிட அதிகம். ஆனோடும் அநேகமாகக் கரையாது. டைட்டானியத்தின் மேல் பிளாட்டினமோ உலோக ஆக்சைடோ பூசிச் செய்வதால் பல உலர்துறைகளைத் தாண்டி நிற்கும்.

துத்தநாகத்துக்கும் ஒரு பெருமை உண்டு, அதையும் சொல்லவேண்டும். அதற்குப் பெட்டி வேண்டாம், ஆள் வேண்டாம், கப்பலில் மின்சாரமே போனாலும் அது வேலை செய்யும். அதனால்தான் ஐ.சி.சி.பி உள்ள கப்பல்களிலும் சீ செஸ்ட் (கடல்நீரை உள்ளே இழுக்கும் அறை) உள்ளே, சுக்கானில், பின்பக்க மூலைகளில் கட்டிகளைப் பார்க்கிறோம்.

இது எப்போது வந்த யோசனை? கொட்டலசு (கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிரி) ஒட்டுவதையும் தடுக்குமா?

இரண்டுக்கும் ஒரே கதையில் பதில் இருக்கிறது. 1820களில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மரத்தால் ஆனவை. அடியில் செம்புத் தகடு போர்த்தியிருப்பார்கள். அந்தச் செம்பு கடலில் சீக்கிரம் அரித்துப்போவதைத் தடுக்க வழி கேட்டு, ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியல் அறிஞரிடம் போனார்கள். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ சிறிதளவு சேர்த்து வைத்தால் செம்பு கரையாது என்று அவர் 1824இல் ராயல் சொசைட்டியில் எழுதினார். சோதனைகளில் உதவியவர் மைக்கேல் ஃபாரடே. அதே வருடம் சமராங் என்ற போர்க்கப்பலில் இரும்புக் காப்புகளைப் பொருத்திக் கடலுக்கு அனுப்பினார்கள். நம் பக்கத்துக் கொச்சியில் கட்டிய கப்பல் அது.

செம்பு கரையவில்லை. டேவி சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டு கப்பல்கள் மெதுவாகிவிட்டன. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததுதான் அதுவரை அந்த உயிர்களை விரட்டிக்கொண்டிருந்தது. கரைவது நின்றதும் விரட்டுவதும் நின்றுபோனது. கடற்படை அந்தக் காப்புகளைக் கழற்றச் சொல்லிவிட்டது.

ஆகவே, இரும்பைக் காக்கும் மின்சாரம் கொட்டலசைத் தடுக்காது. அதற்கு ஆன்ட்டிஃபௌலிங் பெயின்ட் வேறு, சீ செஸ்டில் செம்பு ஆனோடு வைக்கும் இன்னொரு பெட்டி வேறு. இரண்டு பெட்டிகளும் பல கப்பல்களில் அருகருகே இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

பேனலில் ஒரு கப்பலில் 850 என்று இருக்கிறது, இன்னொன்றில் 200 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்த ரெஃபரன்ஸ் செல் என்று முதலில் பாருங்கள். வெள்ளி–சில்வர் குளோரைடு செல்லில் மைனஸ் 850 மில்லிவோல்ட் என்பதும், துத்தநாக செல்லில் பிளஸ் 200 என்பதும் கிட்டத்தட்ட ஒரே நிலைதான். குழப்பம் வருவது திசையில். வெள்ளி செல்லில் எண் பெரிதானால், அதாவது மைனஸ் பக்கம் போனால், காப்பு கூடுகிறது. துத்தநாக செல்லில் எண் சிறிதானால் காப்பு கூடுகிறது. துத்தநாகத்தில் 150 முதல் 250 வரை நல்ல இடம். 400க்கு மேல் போனால் காப்பே இல்லை.

இதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். ஒரு கப்பலில் எனக்கு முன்னால் இருந்தவர் வெள்ளி செல் உள்ள கப்பலிலிருந்து வந்தவர். பேனலில் 420 என்று பார்த்துவிட்டு, எண் பெரிதாக இருப்பதால் காப்பு பலமாக இருக்கிறதென்று நம்பி, ஐந்து மாதம் அப்படியே எழுதி அனுப்பியிருந்தார். அந்த ஐந்து மாதமும் கப்பல் கடலில் வெறுமனே துருப்பிடித்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ் ஒன்று போயிருந்தது, அவ்வளவுதான். நல்ல மனிதர், கவனமாக வேலை செய்பவர். எந்த செல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் ஏறும் ஒவ்வொரு கப்பலிலும் பேனல் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டுவேன்: எந்த செல், எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை நல்லது, எந்தப் பக்கம் போனால் கெட்டது.

ஆம்பியர் கூடிக்கொண்டே போகிறது. பெட்டி கெட்டுவிட்டதா?

பெட்டியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கப்பலைப் பற்றி யோசியுங்கள். கப்பல் நிற்கும்போது இருப்பதைவிட ஓடும்போது ஆம்பியர் கூடும். வேகமாக ஓடும் தண்ணீர் தகட்டுக்குப் புதிது புதிதாக ஆக்சிஜன் கொண்டுவருவதுதான் காரணம். துறைமுகம் வந்ததும் இறங்கிவிடும். இது இயல்பு.

பார்க்கவேண்டியது மாதக்கணக்கில் ஏறும் ஏற்றத்தை. ஒரே மாதிரி வேகம், ஒரே மாதிரி கடல், ஆனால் போன வருடம் 60 இருந்த இடத்தில் இப்போது 140 என்றால், எங்கோ பெயின்ட் போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீருக்குள் இறங்காமலே அடிப்பாகத்தைப் பார்க்கும் வழி இது, அதுவும் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவேட்டில் தேதிக்கும் எண்ணுக்கும் பக்கத்தில் வேகம், கடல்நீர் வெப்பநிலை, எந்தக் கடல் என்ற மூன்றையும் எழுதுங்கள். அவை இல்லாமல் ஆம்பியரை மட்டும் எழுதிவைத்தால் பின்னால் வருபவரால் எதையும் ஒப்பிட முடியாது.

ஆம்பியர் உச்சத்துக்குப் போயும் மில்லிவோல்ட் நல்ல இடத்துக்கு வரவில்லை என்றால், அது உடனே சொல்லவேண்டிய செய்தி.

உலர்துறையிலிருந்து வந்த பிறகு ஆம்பியர் பூஜ்யம் காட்டுகிறதே?

புதுப் பெயின்ட். மில்லிவோல்ட் நல்ல இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பூஜ்யம் சந்தோஷமான எண்.

ஹூக்ளி ஆற்றுக்குள் போனதும் எண்கள் எல்லாம் தாறுமாறாகின்றன. ஏன்?

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆற்றுத் தண்ணீர் கடத்தாது. கொல்கத்தாவுக்கு ஆறு வழியாக ஏறும்போதும், பனாமா கால்வாயில் கட்டூன் ஏரியைக் கடக்கும்போதும் இதைப் பார்க்கலாம். வோல்ட் உச்சத்துக்குப் போகும், ஆம்பியர் அடிமட்டத்துக்கு வரும், ரெஃபரன்ஸ் செல் காட்டும் எண்ணை நம்பமுடியாது. எதையும் திருகிச் சரிசெய்யப் போகாதீர்கள். பதிவேட்டில் நல்ல தண்ணீர் என்று எழுதிவிட்டு, கடலுக்குத் திரும்பியபின் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தானாகச் சரியாகிவிடும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு வளையமும் பிரஷும் இருக்கின்றன. அவை எதற்கு?

இதை மறந்த கப்பல்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஷாஃப்ட் சுற்றும்போது பேரிங்குகளில் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் கப்பல் உடம்புக்கும் புரொப்பெல்லருக்கும் மின்தொடர்பு அறுந்துவிடுகிறது. புரொப்பெல்லரோ பெயின்ட் இல்லாத பெரிய வெண்கலம். கடலில் இருக்கும் மின்சாரம் அதில் ஏறத்தான் பார்க்கும். ஏறிய மின்சாரம் திரும்பிப் பெட்டிக்கு வர, பேரிங்கின் எண்ணெய்ப் படலத்தைப் பொத்துக்கொண்டு பொறியாகத் தாவும். பேரிங்கில் பொட்டுப் பொட்டாக அரிப்பு விழும். அதற்குச் சுலபமான வழி கொடுப்பதற்குத்தான் வெள்ளி கலந்த வளையமும், வெள்ளி–கிராஃபைட் பிரஷும்.

ஷாஃப்டுக்கும் உடம்புக்கும் இடையே 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. உங்கள் கப்பலின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். வளையத்தில் எண்ணெயும் கரித்தூளும் சேர்ந்தால் இது ஏறும். கப்பல் நிற்கும்போது துடைத்துச் சுத்தம் செய்தால் இறங்கிவிடும்.

எப்போதும் பூஜ்யம் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மீட்டருக்கென்று தனிப் பிரஷ் ஒன்று உண்டு. அது வளையத்தைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். சீஃப் எஞ்சினியரிடம் சொல்லிவிட்டு, ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும் நேரத்தில், எர்த் வயரை அதன் முனையில் சில விநாடி மட்டும் கழற்றுங்கள். சுற்றும் வளையத்தின் அருகே கை போகவே கூடாது. வயரைக் கழற்றியதும் மீட்டர் துள்ளினால் அது உயிரோடு இருக்கிறது. துள்ளவில்லை என்றால் இத்தனை நாள் எழுதிய பூஜ்யங்களுக்கு அர்த்தமில்லை.

சுக்கானுக்கும் இதே நியாயம்தான். சுக்கான் தண்டிலிருந்து கப்பல் உடம்புக்கு ஒரு தடித்த கேபிள் தளர்வாகக் கட்டியிருக்கும். ஸ்டியரிங் கியர் அறைக்குப் போகும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பாருங்கள்.

அதிகமாகக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. மைனஸ் 1,050, 1,100 என்று தாண்டும்போது தகட்டின் மேல் ஹைட்ரஜன் உண்டாகத் தொடங்கும், காரமும் ஏறும். இரண்டும் சேர்ந்து நல்ல பெயின்டையே அடியிலிருந்து பிரித்துவிடும். பெயின்ட் போனால் இன்னும் மின்சாரம் வேண்டும், அதைக் கொடுத்தால் இன்னும் பெயின்ட் போகும். அதிகப் பலமுள்ள எஃகு வகைகளை ஹைட்ரஜன் நொறுங்கவும் வைக்கும். ஆனோடைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்குத் தடிமனான எபாக்சிக் கவசம் பூசுவது இதற்காகத்தான். அங்கே மின்சாரம் மிக அடர்த்தியாக இருக்கும், சாதாரணப் பெயின்ட் தாங்காது. உலர்துறையில் அந்தக் கவசத்தில் விரிசல் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

மூழ்காளர்கள் இறங்கும்போது அணைக்கவேண்டுமா?

கட்டாயம் அணைக்கவேண்டும். அணைத்து, பூட்டி, பலகை தொங்கவிட்டு, மூழ்காளர்கள் மேலே வந்தபின் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

பேலஸ்ட் டேங்குக்குள்ளும் (கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) இதையே வைக்கலாமே?

கூடாது. ஆனோடில் குளோரின் வரும், தகட்டில் ஹைட்ரஜன் வரலாம். திறந்த கடலில் அவை அடித்துப் போய்விடும். மூடிய டேங்கில் சேர்ந்தால் ஆளைக் கொல்லும், வெடிக்கும். டேங்குகளுக்குப் பெயின்டும் துத்தநாக அல்லது அலுமினியக் கட்டிகளும்தான். எண்ணெய்க் கப்பலின் சரக்கு டேங்கில் அலுமினியக் கட்டியைக்கூட உயரத்தில் வைக்க விடமாட்டார்கள். கழன்று விழுந்து துருப்பிடித்த இரும்பில் மோதினால் பொறி பறக்கும் என்பதற்காக.

காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் விசைப்படகுகளுக்கு இது வேண்டுமா?

வேண்டாம். இரும்புப் படகென்றால் அடியில் துத்தநாகக் கட்டிகளும் நல்ல பெயின்டும் போதும். ஃபைபர் படகில் காக்கவேண்டியது ஷாஃப்ட், புரொப்பெல்லர், சுக்கான் ஆகியவைதான். மரப்படகில் தேவைக்கு மேல் கட்டி போடாதீர்கள். உலோகத்தை ஒட்டி உண்டாகும் காரம் மரத்தை ஊறவைத்து நாராக்கிவிடும்.

இரண்டே விஷயம் சொல்கிறேன். கட்டிக்கு மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அப்புறம், கரையாமல் புதுசாகவே இருக்கும் கட்டியைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அது வேலை செய்யவில்லை, போல்ட்டுக்கும் இரும்புக்கும் தொடர்பு இல்லை என்று பொருள். கரைவதற்குத்தான் அதை வாங்குகிறோம்.

பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் என்ன ஆகும்?

கப்பலே கரைய ஆரம்பிக்கும். ஒரு ஆம்பியர் ஒரு வருடம் வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு போகும். 50 ஆம்பியர் தலைகீழாக ஓடினால் ஒரு மாதத்தில் 38 கிலோ. அதுவும் பெயின்ட் போன சின்னச் சின்ன இடங்களிலிருந்து மட்டும் போகும் என்பதை நினைத்துப் பாருங்கள், தகடு ஓட்டையாக அதிக நாள் ஆகாது. கேபிளைக் கழற்றி மாட்டும் வேலை எதுவானாலும், போட்ட ஐந்து நிமிடத்தில் மில்லிவோல்ட் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தபின்தான் பேனல் கதவை மூடவேண்டும்.

இதே ஆபத்து வெல்டிங்கிலும் உண்டு. கப்பல் தண்ணீரில் நிற்கும்போது, கரையிலிருக்கும் வெல்டிங் மெஷினின் ரிட்டர்ன் வயரைக் கப்பலில் மாட்டாமல் துறைமுக இரும்பிலேயே மாட்டிவிடுவார்கள். மின்சாரம் கப்பல் தகட்டிலிருந்து தண்ணீர் வழியாகத் திரும்பும். ரிட்டர்ன் வயர் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கப்பலின் மேலேயே இருக்கவேண்டும்.

இதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் இடம் நம் ஊரில் இருக்கிறதா?

காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி என்று எல்லோரும் சொல்வது. அரிமானம் அவர்களுடைய முக்கியமான துறைகளில் ஒன்று. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அவர்களுக்குக் கடலோர மையங்கள் உண்டு. வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் வரவேண்டும் என்பது என் ஆசை.

உலர்துறையில் நான் எதைக் கவனிக்கவேண்டும்?

பெயின்ட் அடிப்பவர்கள் வருவதற்கு முன்னால் நீங்கள் கீழே இருக்கவேண்டும். பழைய பெயின்டை உரிக்கும் மணல் வீச்சு தொடங்குமுன் ஒவ்வொரு ஆனோடையும் ரெஃபரன்ஸ் செல்லையும் மூடி ஒட்டவேண்டும். செல் ஒரு சின்ன வட்டம், பெயின்டரின் கண்ணுக்குத் தெரியாது. என் கப்பல் ஒன்றில் இடதுபக்க செல்லின் மேல் இரண்டு கோட் அடித்துவிட்டார்கள். கடலுக்கு வந்தபின் வலதுபக்கம் ஒன்று சொல்ல, இடதுபக்கம் வேறொன்று சொல்ல, எதை நம்புவதென்று தெரியாமல், கையோடு வைத்திருந்த வெள்ளி–சில்வர் குளோரைடு செல்லைப் பக்கவாட்டில் கயிற்றில் இறக்கி, மல்ட்டிமீட்டரை வைத்து அளந்துதான் கண்டுபிடித்தேன். அடுத்த துறைமுகத்தில் மூழ்காளரை இறக்கிச் சுரண்டவேண்டியதாயிற்று.

வேலை முடிந்ததும் ஒட்டியதை எல்லாம் நீங்களே உரித்து எண்ணிப் பாருங்கள். ஆனோடுக்குப் பின்னால் கேபிள் உள்ளே வரும் இடத்தில், தண்ணீர் கசிந்தாலும் கப்பலுக்குள் வராமலிருக்க காஃபர்டேம் என்ற சின்னப் பெட்டி இருக்கும். அதைத் திறந்து உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஆனோடுக்கும் இன்சுலேஷன் அளந்து எழுதுங்கள். உலர்துறையின் கேட்டைத் திறந்து தண்ணீர் விட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு வருடக்கணக்கில் தள்ளிப்போகும். அதனால் உரித்த டேப்புகளின் எண்ணிக்கை சரியாக வரும்வரை டாக் மாஸ்டரின் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.